1970 பிளைமவுத் கூடா 440: இந்த விலைக்கு வாங்கலாமா?

நோவைக்காரன்:

வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசிப்பதோடு நின்றுவிட்டேன். இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

மிச்சிகனுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நண்பர் என்னை வுட்வர்ட் அவென்யூவுக்கு அழைத்துப்போனார். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை அங்கே டிரீம் குரூஸ் நடக்கும். ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய கார்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பர்மிங்ஹாமில் ஒரு கடை வாசலில் சாய்ந்து நின்றிருந்தேன். ஊதா நிறக் கூடா ஒன்று சிக்னலில் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு விழுந்து அது கிளம்பியபோது என் முதுகுக்குப் பின்னால் இருந்த கடைக் கண்ணாடி அதிர்ந்தது. அன்றிலிருந்து இந்த ஆசை என்னை விடவில்லை.

இப்போது டொலீடோ பக்கத்தில் ஒரு 1970 கூடா விற்பனைக்கு வந்திருக்கிறது. 440 கன அங்குலச் சிக்ஸ் பேக் எஞ்சின் (மூன்று கார்புரேட்டர் உள்ளது), 4 கியர், கையால் மாற்றுவது. கேட்கும் விலை 1,45,000 டாலர். பிறந்தபோது இருந்த அதே எஞ்சின் என்று விற்பவர் சொல்கிறார். ஒருமுறை நேரில் பார்த்தேன். பெயின்ட் கண்ணாடிபோல் இருக்கிறது.

எனக்கு வயது 51. மகளின் படிப்பு முடிந்துவிட்டது. இதற்கென்றே தனியாகச் சேர்த்த பணம் இருக்கிறது, கடன் வாங்கப் போவதில்லை. மனைவி, "விசாரித்து வாங்குங்கள்" என்று மட்டும் சொன்னார். ஊரிலிருக்கும் தம்பிதான், "54 வருஷத்துக்கு மேலான இரும்புக்கு இவ்வளவா? அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எதைச் சோதிக்க வேண்டும், வாங்கிய பிறகு என்ன செலவாகும், தம்பிக்கு என்ன பதில் சொல்வது? மூன்றுக்கும் உங்கள் உதவி வேண்டும்.

மோபார் பித்தன்:

வாழ்த்துகள், நோவைக்காரரே. முதலில் ஒரு சிறு திருத்தம். சிக்ஸ் பேக் என்பது டாட்ஜ் வைத்த பெயர். பிளைமவுத்தில் அதே எஞ்சினுக்குச் சிக்ஸ் பேரல் என்று பெயர். விற்பவரிடம் பேசும்போது இந்தப் பெயரையே சொல்லுங்கள், விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார்.

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முன் கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் மேல் தெரியும் வண்டி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிளைமவுத்தைச் செய்த கிரைஸ்லர் நிறுவனத்தின் அந்தக் காலக் கார்களில் ஐந்தாவது எழுத்துதான் எஞ்சினைச் சொல்லும். உங்களுடையது பிஎஸ்23வி0பி என்று தொடங்க வேண்டும். பி என்றால் பாரகூடா, எஸ் என்றால் அதன் வேக வகையான கூடா, 23 என்றால் இரண்டு கதவுக் கூரை வண்டி, வி என்றால் 440 சிக்ஸ் பேரல், 0 என்றால் 1970, கடைசி பி ஹாம்ட்ராமிக் ஆலை. வி இருக்கும் இடத்தில் 'ஆர்' இருந்தால் எல்லாவற்றிலும் வலிமையான 426 ஹெமி, 'யு' இருந்தால் ஒற்றைக் கார்புரேட்டர் 440, 'என்' இருந்தால் 383, 'எச்' இருந்தால் 340, 'ஜி' இருந்தால் சாதாரண 318. எஞ்சினை யாரும் எப்போதும் மாற்றலாம். அந்த ஒற்றை எழுத்தை மாற்றுவது குற்றம்.

அடுத்து, பானெட்டுக்குள் ஓட்டுநர் பக்க உள் தகட்டில் ஒரு சிறு தகரப் பட்டை இருக்கும். அதில் 440 சிக்ஸ் பேரலுக்கான இ87 என்ற குறியீடு வேண்டும். ஆனால் போலிப் பட்டை அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதனால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் மேலும், முன் கண்ணாடிக்குக் கீழே ரப்பர் பட்டைக்கு அடியிலும் நேரடியாக அச்சடித்த எண்களைப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் உடல் உண்மையானது.

எஞ்சின் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் பேன் விளிம்புக்கு மேலே, வண்டி எண்ணின் கடைசி எட்டு இலக்கங்கள் அச்சடிக்கப்பட்டிருக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலையில் பெரும்பங்கு கட்டைவிரல் அளவுள்ள அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்கார்பரோவாசி:

மோபார் பித்தன் சொன்னதை ஒரு வரிகூட விடாமல் செய்யுங்கள் அண்ணா. நான் செய்யாமல் பட்டதை எழுதுகிறேன்.

2013-இல் 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 ஒன்றை வாங்கினேன். நான் அப்போது கராஜ் வைத்திருக்கும் ஒருவரின் பேச்சை நம்பினேன். பானெட்டில் கோடுகள், உள்ளே எஸ்எஸ் எழுத்துகள், இருக்கைகள், கருவிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஷெவர்லேயில் அந்த ஆண்டுகளின் வண்டி எண் எஞ்சினைச் சொல்லாது. வி8 எஞ்சினா ஆறு சிலிண்டரா என்ற அளவுக்குத்தான் சொல்லும். 1970-இல் எஸ்எஸ் என்பது தனி மாடலும் இல்லை, கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஒரு தொகுப்பு. இதெல்லாம் எனக்கு வாங்கிய பிறகுதான் தெரியும். இரண்டாம் ஆண்டில் பின் தகட்டில் கொப்புளம் கிளம்பியது. டிங்கரிங் வேலைக்குப் பிரித்தபோது பழைய துளைகள் வேறு இடங்களில் இருந்தன. என் வண்டி 307 எஞ்சினோடு பிறந்த ஒரு சாதாரண ஷெவெல் மலிபு. யாரோ அழகாக வேடம் கட்டியிருக்கிறார்கள். கொடுத்த பணத்தில் பாதிகூடத் தேறவில்லை.

அந்த வண்டி கனடாவில் புதிதாக விற்கப்பட்டிருந்தால் ஷெவர்லேயைச் செய்யும் ஜிஎம் நிறுவனத்தின் கனடாக் கிளையின் பழைய பதிவேட்டிலிருந்தாவது உண்மை கிடைத்திருக்கும். என்னுடையது எல்லை தாண்டி வந்தது. காகிதம் இல்லாத வண்டிக்குக் கதையின் பேரில் விலை கொடுக்காதீர்கள் அண்ணா.

மாக்1 மங்கை:

செலவைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. டல்லாஸில் எங்கள் வீட்டில் ஒரு 1969 மஸ்டாங் மாக் 1 இருக்கிறது, 351 வின்ட்சர் எஞ்சின். வாங்கும் முன் மார்ட்டி என்ற நிறுவனத்திடமிருந்து ஓர் அறிக்கை வரவழைத்தேன். 1967 முதலான ஃபோர்டு வண்டிகளின் உற்பத்திப் பதிவுகள் அங்கே இருப்பதால், என் வண்டி எந்த நிறத்தில், என்னென்ன சேர்ப்புகளோடு ஆலையை விட்டு வெளியே வந்தது என்று ஒரே தாளில் தெரிந்துவிட்டது. பிளைமவுத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் உங்களை எண் தேடி ஊர்ந்து போகச் சொல்கிறார்கள்.

விலை என்பது முதல் தவணை என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் 6 சதவீத வரி, 1,45,000-க்கு அதுவே 8,700. காப்பீட்டை வழக்கமான நிறுவனத்தில் போடாதீர்கள். பழைய கார்களுக்கென்றே உள்ளவர்களிடம், ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் போடுங்கள். பூட்டிய கராஜ், அன்றாடத்துக்கு வேறொரு கார், குறைந்த ஓட்டம் என்று நிபந்தனைகள் வைப்பார்கள், ஆனால் தொகை நியாயமாக இருக்கும். நான் ஆண்டுக்கு 600 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டுகிறேன்.

பெட்ரோல் உங்களை அழ வைக்காது, ஏனென்றால் அவ்வளவு ஓட்ட மாட்டீர்கள். ஆனால் அந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கரைத்துவிடும். எரிபொருள் குழாய்கள் புதிதா என்று பாருங்கள், இது தீப்பிடிக்கும் விஷயம். இன்றைய ஆயிலில் துத்தநாகம் குறைவு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், தட்டை டேப்பெட் உள்ள இந்தப் பழைய எஞ்சின்களில், அதில் தேய்ந்துபோகும். அதற்கான தனி ஆயில் வாங்குங்கள். நான் இதைத் தெரிந்துகொள்ளும் முன் ஒரு கேம்ஷாஃப்ட் போய்விட்டது. எஞ்சினைப் பிரித்துக் கழுவிச் சேர்க்க 4,300 டாலர், ஐந்து மாதக் காத்திருப்பு.

எதையும்விட அதிகம் கொடுப்பது நேரம்தான். இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகி ஓய்வுபெறுகிறார்கள். கார்புரேட்டரைக் காதால் சரிசெய்யத் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவர். அவருக்கு 74 வயது. அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன். வாங்கினால் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சிறு கோளாறுக்கும் டிரெய்லர் பிடிக்க வேண்டியிருக்கும்.

கணக்கர்:

நான் தம்பியின் பக்கம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போகும் என்று பலர் நம்புகிறார்கள். 2006, 2007-இல் உச்சத்துக்குப் போன விலைகள் 2008 நெருக்கடிக்குப் பிறகு எப்படி விழுந்தன என்று நான் பார்த்தேன். என் மேலாளர் ஒருவர் உச்சத்தில் வாங்கி, வேலை போனதும் பாதி விலைக்குக் கொடுத்தார். இளமையில் இந்த வண்டிகளுக்கு ஏங்கியவர்கள் இன்று 70-ஐத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பிறகு யார் வாங்குவார்கள்? 440 எஞ்சினுக்கு 390 குதிரைத்திறன் என்று எழுதியிருப்பார்கள், அதுவும் பழைய அளவுமுறையில். இன்று குடும்பத்தோடு போகும் மின்சாரக் கார் அதைத் தாண்டிவிடும். பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பணத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை வுட்வர்ட் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே.

மோபார் பித்தன்:

கணக்கரே, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. லாபத்துக்காக இதை வாங்கக் கூடாது என்று நானும் சொல்வேன். ஆனால் தம்பியின் கேள்விக்கு அது பதில் ஆகவில்லை. "அதில் என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார். சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த வண்டிகள் அரிதானது யாரும் அரிதாகச் செய்ய நினைத்ததால் அல்ல. அன்று விற்கவில்லை. 1970 கூடாவில் ஹெமி எஞ்சின் வேண்டுமென்றால் 871 டாலர் கூடுதல். வண்டியின் விலையே மூவாயிரத்துச் சொச்சம் என்னும்போது அது எவ்வளவு பெரிய தொகை! அதற்கு மேல் காப்பீட்டு நிறுவனங்கள் 25 வயதுக்குட்பட்ட பையன்களிடம் தாங்க முடியாத தொகை கேட்டன. அந்த ஆண்டில் கூரையுள்ள ஹெமி கூடா 652, கூரை மடக்கும் வண்டி வெறும் 14. அடுத்த ஆண்டு இன்னும் குறைந்தது. 1971-இன் கூரை மடக்கும் ஹெமி கூடா ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனதே, அது அன்று கடைக்காரர் தள்ளிவிடப் பாடுபட்ட வண்டி.

ஷெவர்லேயின் 1969 கமேரோ ஸெட்எல்1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினிய 427 எஞ்சினுக்கு மட்டும் 4,100 டாலருக்கு மேல், மொத்த விலை 7,200-ஐத் தாண்டியது. இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சிற்றூரின் விற்பனையாளர் ஃபிரெட் கிப் 50 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். விலைச்சீட்டைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு நின்றிருக்கும். பெரும்பாலானவற்றை விற்க முடியாமல் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆக மொத்தம் செய்ததே 69. பந்தயத்துக்காகச் செய்த பிளைமவுத் சூப்பர்பேர்ட், முதுகில் உயரமான இறக்கையோடு கடைகளில் தூசி படிந்து நின்றது. இறக்கையையும் மூக்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண ரோட் ரன்னராக மாற்றி விற்றவர்கள் உண்டு.

பிறகு வாசல் மூடிவிட்டது. 1970-இல் தூய காற்றுச் சட்டம், 1971-இல் எஞ்சின்களின் வலிமையைக் குறைத்த அழுத்த விகிதக் குறைப்பு, 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. கடைசி பாரகூடா 1974 ஏப்ரல் 1 அன்று ஆலையை விட்டு வந்தது. முதல் பாரகூடா விற்பனைக்கு வந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள் அது. பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரில் 389 எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்ற 1964-இலிருந்து எண்ணினாலும் இந்தக் காலம் முழுவதும் பத்தாண்டுதான். பொறியாளர்களுக்கு யாரும் கடிவாளம் போடாத அப்படி ஒரு பத்தாண்டு திரும்ப வரவில்லை.

இன்னொன்று ஒலி. அதை நோவைக்காரர் முதுகில் உணர்ந்தார். இந்த வி8-இல் சிலிண்டர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். வரிசையைப் பாருங்கள்: 8, 4 இரண்டும் வலப்பக்கம் அடுத்தடுத்து, 5, 7 இரண்டும் இடப்பக்கம் அடுத்தடுத்து. அதனால் ஒவ்வொரு புகைக்குழாயிலும் மூச்சு சீராக வராமல், இரண்டு தட்டு நெருங்கியும் இரண்டு தட்டு விலகியும் வருகிறது. தவிலில் வலந்தலையும் தொப்பியும் மாறி மாறி விழுவதைப்போல் அது உடம்பில் ஏறுகிறது. சிக்ஸ் பேரலில் இன்னொரு இன்பம் இருக்கிறது. மூன்று ஹோலி கார்புரேட்டர்களில் நடுவில் உள்ளது மட்டுமே சாதாரண ஓட்டத்துக்கு. காலை அழுத்தினால் வெற்றிட இழுப்பில் முன்னதும் பின்னதும் திறக்கும். அந்த நொடியில் பானெட்டுக்கு அடியிலிருந்து வரும் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எழுகிறேன்.

ஹெமிக்கு யானை எஞ்சின் என்றே பட்டப்பெயர். யானைக்குத் தீனி போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துதான் கோயில்கள் யானை வளர்க்கின்றன. தம்பியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

யாரா நதிக்கரை:

மெல்பர்னிலிருந்து ஒரு சேதி. இந்த நோய் அமெரிக்காவோடு நிற்கவில்லை. இங்கே ஃபோர்டு ஃபால்கன் ஜிடி-எச்ஓ மூன்றாம் வரிசை 1971-இல் பாத்தர்ஸ்ட் பந்தயத்துக்காக 300 மட்டும் செய்யப்பட்டது. நான்கு கதவுள்ள குடும்ப வண்டிக்குள் 351 எஞ்சின். அந்த ஆண்டு ஆலன் மொஃபாட் அதில்தான் பாத்தர்ஸ்ட்டில் வென்றார். கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு இன்னொரு விவரம்: வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தாம்சனிடம் இருந்த வண்டி 2018-இல் 10,30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். அந்த விலைக்குப் போன பிறகு அந்த வண்டிகளைச் சாலையில் பார்க்கவே முடிவதில்லை. ஒரு கல் தெறித்தால் நஷ்டம் என்று குளிரூட்டிய அறையில் வைத்துவிடுகிறார்கள். பாத்தர்ஸ்ட் மலையேறப் பிறந்த வண்டி அது. நோவைக்காரர் எண் பொருந்தும் வண்டியை வாங்கி, பயத்திலேயே ஓட்டாமல் விட்டுவிடக் கூடாது.

நோவைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டொலீடோ போய்வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வண்டியை அருகிலிருந்த ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்ற விற்பவர் ஒப்புக்கொண்டார். காந்தம் கொண்டுபோயிருந்தேன். பின் சக்கர வளைவுகளில் ஓரிடத்தில் காந்தம் ஒட்டவில்லை, அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் தகடு. டேஷ்போர்டு எண்ணில் ஐந்தாவது எழுத்து வி. தகரப் பட்டையில் இ87. ரேடியேட்டர் சட்டத்திலும் கண்ணாடிக்குக் கீழேயும் அதே எண். கைகள் நடுங்கின, உண்மையாகவே.

பிறகு பிளாக்கைத் துடைத்தோம். எட்டு இலக்கமும் தெளிவாக இருந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வேறு ஏதோ ஒரு 1970 வண்டியின் எஞ்சின்.

விற்பவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் ஏமாற்றவில்லை என்று நான் நம்புகிறேன். வண்டி அவருடைய தந்தையுடையது. திரும்ப வீட்டுக்குப் போனதும் தந்தையிடம் கேட்டார். பெரியவருக்கு 79 வயது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஆமாம், 1977-இல் நான்தான் மாற்றினேன்" என்றார். இரவில் ஒரு பந்தயத்தில் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டதாம். காயலான் கடையில் கிடந்த இன்னொரு கூடாவிலிருந்து எஞ்சினை எடுத்து, இரண்டு நண்பர்களோடு மூன்று இரவுகளில் பொருத்தியிருக்கிறார். பழைய பிளாக் என்ன ஆனது என்று கேட்டேன். இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டாராம். மகன் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரியவரோ அந்த மூன்று இரவுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நண்பர்களில் ஒருவர் இப்போது இல்லை.

பேசி முடித்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அவர் பக்கத்து இருக்கையில், நான் ஓட்டினேன். ஸ்டியரிங் கனம். முதல் சிக்னலில் டிரம் பிரேக் என் எண்ணத்துக்கு ஒரு கார் நீளம் பிந்தித்தான் நிறுத்தியது. ஊரைத் தாண்டியதும் பெரியவர் என் வலது முழங்காலைத் தட்டினார். காலை அழுத்தினேன். மோபார் பித்தன் சொன்ன அந்த உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டேன்.

மகன் 1,12,000 கேட்கிறார். என்ன செய்யலாம்?

மோபார் பித்தன்:

வாங்குங்கள். உண்மையான வி எழுத்து உடல், சரியான ஆண்டின் சரியான வகை எஞ்சின், யார் எப்போது ஏன் மாற்றினார் என்று சொல்ல உயிரோடு ஒருவர். எண் பொருந்தாததால் சேகரிப்பாளர்கள் இதைத் தொட மாட்டார்கள், அது உங்களுக்கு நல்லது. நீங்கள் ஓட்டலாம், கல் தெறிக்கலாம், மழையில் மாட்டிக்கொள்ளலாம். பட்டி பூசிய வளைவைக் காட்டி 1,05,000 சொல்லிப் பாருங்கள். பெரியவர் சொன்னதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கர்:

எண்ணைப் பார்த்ததில் குறைந்த 33,000-ஐ என் வாதத்துக்குச் சான்றாகச் சொல்லலாம் என்று தொடங்கினேன். ஆனால் பெரியவர் முழங்காலைத் தட்டிய இடத்தை இரண்டு முறை வாசித்தேன். அவசர நிதியைத் தொடாமல் வாங்க முடியும் என்றால் வாங்குங்கள்.

நோவைக்காரன்:

1,06,000-க்கு முடிந்தது. தாளும் கிடைத்தது, மூன்று பக்கம். நண்பர்கள் இருவரின் பெயரையும் பெரியவர் எழுதியிருக்கிறார். இங்கே வரலாற்று வண்டிக்கான நம்பர் பிளேட் எடுத்தால் ஆகஸ்ட் முழுவதும் தடையில்லாமல் ஓட்டலாம் என்பதால் அதையே எடுக்கப் போகிறேன். மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்டுக்கு அவரையும் அழைத்திருக்கிறேன்.

தம்பிக்குப் பதில் எழுதவில்லை. ஓடும்போது பதிவு செய்த ஒலியை அனுப்பினேன். "திரும்ப அனுப்பு, சத்தத்தைக் கூட்டி வைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன்" என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் வண்டியை எடுக்க வேண்டும். 60 மைலுக்குச் சற்று அதிகம். ஓட்டிக்கொண்டே வரலாமா அக்கா?

மாக்1 மங்கை:

டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள் தம்பி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், உள்பக்கமும் குனிந்து பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது?

நோவைக்காரன்:

அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2309.

மாக்1 மங்கை:

2009 ஜூன். டிரெய்லர் எடுங்கள்.